சீஎன்சீ மெஷினில் அச்சு இடம் மாறி நிற்கிறதா? பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

கம்பியூட்டர் சொல்லும் பாதையில் தானாக வெட்டும் சிறிய சீஎன்சீ மெஷின் பிழையாக வெட்டத் தொடங்கினால் பலருடைய கை முதலில் போவது $100 என்ற எண்ணுக்குத்தான். அச்சு ஒரு மில்லிமீற்றர் நகர மோட்டர் எத்தனை ஸ்டெப் (சின்னச் சின்ன அடி) வைக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு எண் அது. உண்மையில் கடைசியாகத் தொடவேண்டிய எண்ணும் அதுதான். தளர்ந்த ஒரு கிரப் ஸ்க்ரூவை (ஷாஃப்டைப் பிடிக்கும் தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) எண்ணால் இறுக்க முடியாது. எண்ணை மாற்றினால் இன்றைய பலகை சரியாக வரும், நாளைய பலகை இன்னொரு பக்கம் போகும், அதற்குப் பிறகு எது மெஷினின் பிழை, எது நீங்கள் புகுத்திய பிழை என்று பிரித்தெடுக்க இயலாது.

வன்னியில் இந்த மெஷின்களை இரண்டு வகையான இடங்களில் பார்க்கலாம். ஒன்று தச்சுப் பட்டறை: கதவுப் பலகை, சாமியறைத் தட்டி, கடைப் பெயர்ப்பலகை. மற்றது கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கத்தில் பொறியியலோ தொழினுட்பமோ படிக்கும் பெடியள் தங்கள் அறையில் பூட்டி வைத்திருப்பது. இரண்டிலும் பெரும்பாலும் 3018 வகை மெஷின், நேமா 17 மோட்டர், டி8 திருகு, உள்ளே ஜிஆர்பிஎல் என்ற இயக்கு மென்பொருள் ஓடும் ஒரு போர்ட். இந்த வழிகாட்டியும் அதை வைத்தே எழுதப்படுகிறது. பெல்ட் மெஷினுக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தேவையான சாமான்கள்: 0.01 மிமீ காட்டும் டயல் கேஜும் அதன் காந்தக் காலும், மல்டிமீட்டர், அலன் கீ செற், 300 மிமீ இரும்பு ஸ்கேல், ஒரு ஜெல் பேனை, கியூட்டெக்ஸ் ஒரு போத்தல். டயல் கேஜ் இல்லாமலும் பாதித் தூரம் போகலாம். ஆனால் மெஷினுக்கு அவ்வளவு காசு கொடுத்தவர் இதற்கும் கொஞ்சம் கொடுப்பது நல்லது. வேர்னியரால் இந்த வேலை ஆகாது. கை அழுத்தத்திலேயே 0.05 போய்விடும்.

பிழையின் வடிவத்தைப் படியுங்கள்

திருகாணி ஒன்றைத் தொடுவதற்கு முன் பிழை எப்படி வருகிறது என்று பாருங்கள். காரணத்தின் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும்.

தூரம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடுகிறதா? 50 மிமீக்கு அரை மிமீ, 100 மிமீக்கு ஒரு மிமீ என்றால் அது அளவுப் பிழை. ஸ்டெப் எண் பற்றிப் பேச வேண்டிய ஒரே இடம் இதுதான்.

திசை மாறும் இடத்தில் மட்டும் பிழை வந்து, திரும்பத் திரும்ப அதே அளவில் நிற்கிறதா? அது பிளே, அதாவது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி. ஒரு வட்டம் வெட்டிப் பாருங்கள். மணிக்கூட்டின் 12, 3, 6, 9 நிற்கும் இடங்களில் வட்டம் கொஞ்சம் தட்டையாகவோ படி விழுந்தோ இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

வேலையின் நடுவில் திடீரென்று ஒரு தாவல், அதற்குப் பிறகு வெட்டியது எல்லாம் அதே அளவு தள்ளி? மோட்டர் ஸ்டெப்பைத் தவறவிட்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று ஷாஃப்டில் வழுக்கியிருக்கிறது.

தாவல் இல்லை, ஆனால் வேலை நீள நீள ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறது. இதுதான் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது. பின்னால் தனியாகப் பார்ப்போம்.

பேனையைக் கட்டிக் காகிதத்தில் கீறினால் சரி, மரத்தில் வெட்டினால் பிழை என்றால் மெஷின் வளைகிறது, பிட் வழுக்குகிறது, அல்லது மோட்டருக்குப் பலம் போதவில்லை. வேலைக்குள் எல்லாம் சரி, மெஷினை நிறுத்தி மறுபடி ஓட்டினால் மட்டும் தொடக்க இடம் மாறுகிறது என்றால் அது பூச்சியம் வைக்கும் முறையில் உள்ள சிக்கல். நேராகக் கடைசிப் படிக்குப் போங்கள்.

இவற்றில் இரண்டு ஒன்றாக வருவதும் உண்டு. அப்போது ஒவ்வொன்றாகத்தான் களைய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள்.

படி 1: இருக்கிற நிலையைப் பதிவு செய்யுங்கள்

கொன்சோலில் $$ என்று கொடுத்தால் எல்லா அமைப்புகளும் வரும். அப்படியே ஒரு கொப்பியில் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பிறகு கியூட்டெக்ஸை எடுத்து மோட்டர் ஷாஃப்ட், அதைத் திருகோடு இணைக்கும் கப்ளிங், திருகு மூன்றையும் கடந்து ஒரே நேர்கோடாக மெல்லிய கீறு ஒன்று போடுங்கள். கப்ளிங்கின் இரண்டு முனையிலும் அந்தக் கோடு இருக்க வேண்டும். பெல்ட் மெஷின் என்றால் புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் குறுக்கே. காய்ந்த பிறகு வழமைபோல ஒரு நாள் வேலை செய்யுங்கள். மாலையில் கோடு எங்காவது உடைந்து விலகியிருந்தால் வழுக்குகிற இடம் அதுதான்.

ஐந்து நிமிட வேலை இது. கப்ளிங் வழுக்கலை இதைவிடச் சுலபமாகப் பிடிக்கும் வழி எனக்குத் தெரியாது.

படி 2: கரண்டை நிறுத்திவிட்டுக் கையால் பாருங்கள்

மோட்டர் ஷாஃப்ட் 5 மிமீ, டி8 திருகு 8 மிமீ. இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் பக்கத்துக்கு இரண்டு கிரப் ஸ்க்ரூ இருக்கும். ஷாஃப்டில் தட்டையாக வெட்டிய பகுதி இருந்தால் ஒரு ஸ்க்ரூ அந்தத் தட்டையின் மேல்தான் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் இறுக்கினால் சில நாளில் வழுக்கும். கழற்றி, எண்ணெய் துடைத்து, நூல் பிடிக்கும் பசை ஒரு துளி இட்டு இறுக்குங்கள். நீல நிற லொக்டைட் போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டித்தான் கழற்ற வேண்டிவரும். பசை இல்லாவிட்டால் கியூட்டெக்ஸும் ஓரளவு பிடிக்கும்.

அடுத்து திருகைக் கையால் பிடித்து அதன் நீளவாக்கில் இழுத்துத் தள்ளுங்கள். அசைந்தால், திருகின் முனையைத் தாங்கும் பெயரிங் திருகைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். விலை குறைந்த மெஷின்களில் திருகின் நீளவாக்கு அழுத்தம் முழுவதையும் சுருள் வெட்டிய அலுமினியக் கப்ளிங்கே தாங்குகிறது. அந்தச் சுருள் ஒரு ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். மென்மையான மரத்தில் தெரியாது. பாலையிலோ முதிரையிலோ பிட் இறங்கும்போது தெரியும். முனைப் பெயரிங்குக்கு வெளியே ஒரு பூட்டு வளையம் போட்டு, திருகைக் கொஞ்சம் இழுத்த நிலையில் பூட்டினால் இந்த அசைவு போகும். வளையம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறை ஒன்றில் 8 மிமீ துளையோடு கடைந்து தரச் சொல்லுங்கள், சின்ன வேலை.

பிறகு பிட்டைச் சுற்றும் ஸ்பின்டிலைக் கையால் பிடித்து நான்கு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். வழுகுதண்டில் பெயரிங் ஆடுகிறதா, இசட் தட்டு ஆடுகிறதா, ஸ்பின்டில் கவ்வி தளர்வா என்று விரலை மூட்டின் மேல் வைத்தாலே உணரலாம். சில்லு ஓடும் மெஷின்களில் மையம் விலகிய நட்டைத் திருப்பி இறுக்கம் சரிசெய்யலாம்: சில்லை விரலால் சுற்றினால் வழுக்காமல், அதேநேரம் கேன்ட்ரி (ஸ்பின்டிலைச் சுமந்து ஓடும் பாலம்) கனக்காமல் ஓட வேண்டும்.

திருகைத் துடையுங்கள். இங்கே இதை அழுத்திச் சொல்லக் காரணம் செம்மண் தூசி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஏ9 வீதியோரப் பட்டறைகளில் கதவை மூடினாலும் தூசி உள்ளே வரும். அதோடு மரத்தூளும் சேர்ந்து, திருகில் பூசிய கிரீஸில் ஒட்டி, அரைக்கிற பசையாகிவிடும். நட்டின் நூல் தேய்வது அதனால்தான். கிரீஸை முழுவதும் கழுவி எடுத்துவிட்டு தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருப்பவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டும். உப்புக் காற்றில் வழுகுதண்டு துருப்பிடித்தால் பெயரிங் அந்த இடத்தில் இடறும்.

படி 3: திரும்பி வருகிறதா என்று சோதியுங்கள்

ஸ்பின்டிலை ஓட்டாமல், மரம் வைக்காமல் செய்கிற சோதனை இது. டயல் கேஜின் காந்தக் காலை அடித்தளத்தில் நிறுத்துங்கள். அலுமினியத் தளத்தில் காந்தம் ஒட்டாது, ஒரு இரும்புத் தட்டைக் கவ்விப் பூட்டி அதன் மேல் வையுங்கள். கேஜின் முனை ஸ்பின்டில் உடம்பைத் தொட்டு அரை மிமீ அமுங்கி இருக்கட்டும். அந்த இடத்தை எக்ஸ் அச்சின் (இடம் வலம்) பூச்சியமாக வைத்துவிட்டு, கேஜிலிருந்து விலகும் திசையில் 100 மிமீ போய் மீண்டும் பூச்சியத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கேஜ் காட்டுவதை எழுதுங்கள். பத்துத் தரம்.

பத்தும் 0.02 மிமீக்குள் நின்றால் மரமில்லாமல் ஓடும்போது அந்த அச்சு சரி. எண்கள் முன்னும் பின்னுமாகச் சிதறினால் ஏதோ தளர்வு, படி 2க்குத் திரும்புங்கள். ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் ஸ்டெப் போகிறது. ஓய்வாக ஓடும்போதே இப்படியென்றால் மரத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அதே சோதனையை வை (முன் பின்) அச்சிலும் இசட் (மேல் கீழ்) அச்சிலும் செய்யுங்கள். வைக்கு இரண்டு மோட்டர் உள்ள பெரிய மெஷின் என்றால் இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு பக்க மோட்டர் மட்டும் தவறினால் கேன்ட்ரி கோணலாகி, சதுரம் சாய்சதுரமாக வரும். வெட்டிய சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் தெரிந்துவிடும்.

படி 4: பிளேயை அளந்து குறையுங்கள்

கேஜ் அதே இடத்தில் இருக்கட்டும். கேஜை நோக்கி 1 மிமீ போங்கள், வாசிப்பை எழுதுங்கள். மேலும் 1 மிமீ முன்னே போய், அதே 1 மிமீ பின்னே வாருங்கள். இரண்டு வாசிப்புக்கும் உள்ள வித்தியாசமே பிளே. 0.05க்குள் என்றால் மரவேலைக்கு மறந்துவிடலாம். 0.1 தாண்டினால் பதித்து வேலை செய்பவர்களுக்குத் தொல்லை. 0.3 என்றால் நட்டு தேய்ந்துவிட்டது.

பித்தளை நட்டு ஒன்று மட்டும் உள்ள மெஷினுக்கு, நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு வாங்கிப் போடுவது நல்ல மாற்றம். ஸ்பிரிங்கின் பலத்தைவிட வெட்டும் விசை கூடினால் அதுவும் விட்டுக்கொடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜிஆர்பிஎல்லின் மூலப் பதிப்பில் பிளேயை எண்ணால் ஈடுசெய்யும் வசதி கிடையாது. மாக்3, லினக்ஸ்சீஎன்சீ போன்றவற்றில் உண்டு. இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள் நட்டை மற்றப் பக்கத்துக்குத் தள்ளிவிடும், ஆனால் அங்கே பிடித்து வைக்காது. பிட் மரத்தை இழுக்கும் திசையில் வெட்டும்போது தளம் அந்தப் பிளேக்குள் தானாகவே தாவும். பிளே உள்ள மெஷினில் பிட் சுழலும் திசைக்கு எதிராக நகரும் எதிர்த்திசை வெட்டையே தெரிவு செய்யுங்கள், விளிம்பு கொஞ்சம் பிசிறினாலும் பரவாயில்லை.

படி 5: ஸ்டெப் தவறுகிறதா?

ஸ்டெப்பர் மோட்டர் சொன்ன இடத்துக்குப் போனதா என்று கொன்ட்ரோலருக்குத் தெரியாது. சொன்னேன், போயிருக்கும் என்று நம்பி அடுத்ததைச் சொல்லும், அவ்வளவுதான். ஆகவே மோட்டர் ஒரு தடவை தோற்றால் அந்தத் தோல்வி வேலை முடியும் வரை கூடவே வரும்.

முதல் சோதனை எளிது. வேகம், ஆர்முடுகல் இரண்டையும் பாதியாக்குங்கள். வேகம் $110 முதல் $112 வரை, ஆர்முடுகல் $120 முதல் $122 வரை. பிழை மறைந்தால் மோட்டருக்குப் பலம் போதாமல் இருந்தது. பிறகு ஆர்முடுகலை மட்டும் படிப்படியாக ஏற்றி, தவறத் தொடங்கும் எண்ணைக் கண்டு, அதில் மூன்றில் இரண்டில் நிறுத்துங்கள். சின்ன மெஷினில் அதிக வேகத்தைவிட அதிக ஆர்முடுகல்தான் ஸ்டெப்பைத் தின்னும்.

வேகத்துக்கும் ஒரு உச்சம் உண்டு. ஆர்டுயினோ யூனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் செக்கனுக்கு ஏறத்தாழ 30,000 ஸ்டெப் வரைதான் தரும். மிமீக்கு 800 ஸ்டெப் என்ற மெஷினை நிமிடத்துக்கு 2000 மிமீ ஓட்டினால் செக்கனுக்கு 26,600க்கு மேல். எல்லையின் ஓரம் அது. 1/32 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 32 ஆகப் பிரிப்பது) போட்டால் நுணுக்கம் கூடும் என்று நம்பி 1600 ஆக்கியவர்கள் அதே வேகத்தில் எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். இந்தத் திருகுக்கும் நட்டுக்கும் 1/16க்கு மேல் போவதில் பயனில்லை.

அடுத்து மோட்டருக்குப் போகும் கரண்ட். மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 ட்ரைவரில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதன் மேல் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் கிரவுண்டில் மற்றதையும் வைத்தால் ஒரு வோல்டேஜ் காட்டும். கணக்கு: அந்த வோல்டேஜை எட்டால் பிரித்து, பிறகு போர்டில் உள்ள உணர்தடையின் பெறுமதியால் பிரித்தால் வருவது அம்பியர். ஆர்100 என்று எழுதிய தடை 0.1 ஓம், அதற்கு 0.8 வோல்ட் என்றால் 1 அம்பியர். ஆர்050 என்றால் 0.05 ஓம், அதே 1 அம்பியருக்கு 0.4 வோல்ட்தான். தடையைப் பார்க்காமல் வீடியோவில் கண்ட எண்ணை வைத்து ட்ரைவரை எரிக்க வேண்டாம். மோட்டர் லேபிளில் உள்ளதில் 70, 80 வீதம் போதும். கரண்ட் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றவே கூடாது, ட்ரைவர் அந்த நொடியே போய்விடும்.

அதிகம் கொடுத்தாலும் பிழைதான். ட்ரைவர் சூடேறித் தன்னைத் தானே நிறுத்தும், ஆறியதும் மறுபடி ஓடும். இடையில் போன ஸ்டெப் போனதுதான். தகரக் கூரையின் கீழ் மத்தியானத்தில் பட்டறைக்குள்ளேயே 40 பாகை நெருங்கும்போது, விசிறி இல்லாத ட்ரைவருக்கு ஆறுவதற்கு இடமே இல்லை. காலையில் சரி, இரண்டு மணிக்குப் பிழை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஹீட்சிங்க் மேல் நேராக அடிக்கும் சின்ன விசிறி ஒன்றே பலருக்கு முழுத் தீர்வாக இருக்கும்.

சூட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் தீர்த்துவிடலாம். “வெயிலில இரும்பு நீளுது, அதால பிழைக்குது” என்று சொல்வோர் உண்டு. இரும்பு ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 12 மைக்ரோன் நீளும். 300 மிமீ திருகு 15 பாகை சூடேறினால் 0.05 மிமீ. உங்களுடைய ஒரு மிமீ பிழைக்கு வெயில் பொறுப்பில்லை.

பவர் சப்ளை பற்றி ஒரு சின்ன உரையாடல், இதுபோன்றது அடிக்கடி நடக்கும்:

“அண்ணை, பகலில நல்லா வெட்டுது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதான் எக்ஸ் விலகுது.”

“ஆறு மணிக்குப் பிறகு உங்கட லைனில வேற என்ன ஓடுது தம்பி?”

லைனின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளுக்குப் பின்னேரத்தில் 230 வோல்ட் முழுதாக வராது. தண்ணிப் பம்பு, அரிசி ஆலை, வெல்டிங் பிளான்ட் தொடங்கும் நேரத்தில் இன்னும் விழும். நல்ல சப்ளை இதைச் சமாளிக்கும், மலிவானது சமாளிக்காது. எல்லா அச்சும் ஓடிக்கொண்டிருக்க, ஸ்பின்டிலும் மரத்துக்குள் இருக்க, 24 வோல்ட் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 23க்குக் கீழே விழுந்தால் சப்ளையை மாற்றுங்கள், அல்லது ஸ்பின்டிலுக்கு வேறு சப்ளை கொடுத்துப் பிரியுங்கள். இரண்டாவது வழி மலிவு.

படி 6: மெல்லச் சாயும் பிழை

பெயர்ப்பலகை சரியாக வரும். அதே மெஷினில் பிள்ளையார் புடைப்புச் சிற்பம் போட்டால் கீழிருந்து மேல் வரும்போது உருவம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கப்ளிங் கோடு உடையவில்லை. வேகத்தைக் குறைத்தும் போகவில்லை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள வித்தியாசம் தூரத்தில் இல்லை, திரும்பல்களின் எண்ணிக்கையில் உள்ளது. புடைப்பு வேலையில் பிட் வரி வரியாகப் போய்த் திரும்பும், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு திரும்பலிலும் மிகச் சிறிய ஒன்று தவறினால் எழுத்தில் அது தெரியாது, சிற்பத்தில் தெரியும்.

தவறுவது எப்படி? ட்ரைவருக்கு இரண்டு சமிக்ஞை போகிறது, ஒன்று திசை, மற்றது ஸ்டெப். திசை மாறிய பிறகு கொஞ்ச நேரம் விட்டுத்தான் ஸ்டெப் வர வேண்டும். ஏ4988க்கு 200 நானோ செக்கன் போதும். டிஎம்542 போன்ற வெளி ட்ரைவர்கள் 5 மைக்ரோ செக்கன் கேட்கும். ஜிஆர்பிஎல் வழமையாகத் திசையை மாற்றிய கையோடு ஸ்டெப்பையும் அனுப்பிவிடும். திரும்பிய பிறகு வரும் முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே போய்விடும். இரண்டு பக்கத் திரும்பலிலும் இப்படி நடந்தால் ஒன்றையொன்று கழித்துவிடும். ஆனால் ட்ரைவருக்குள் சமிக்ஞையை ஒளியாக்கிக் கடத்தும் ஒளிப்பிரிப்பான், சமிக்ஞை ஏறியதும் உடனே மாறும், இறங்கினால் மெதுவாக மாறும். அதனால் ஒரு பக்கத் திரும்பலில் மட்டும் பிழைக்கும். போக வேண்டியது போகாமல் எதிர்ப்பக்கம் போனதால் கணக்கில் இரண்டு மைக்ரோஸ்டெப். மிமீக்கு 800 என்றால் 0.0025 மிமீ. 400 தரம் போய் வந்தால் ஒரு முழு மில்லிமீற்றர்.

சோதனை: படி 3ஐப் போலக் கேஜை வைத்து, 0.5 மிமீ முன்னே பின்னே என்று 400 தரம் ஓடும் சிறு ஃபைல் ஒன்று எழுதி ஓட்டுங்கள். அதற்குப் பிறகு, அதே மொத்தத் தூரம் வரும்படி 100 மிமீ முன்னே பின்னேயாக இரண்டு தரம். முதலாவதில் விலகி, இரண்டாவதில் விலகாவிட்டால் குற்றவாளி இதுதான்.

மருந்து $2. அந்த எண்ணால் ஸ்டெப் சமிக்ஞையைத் தலைகீழாக்கலாம். எக்ஸுக்கு 1, வைக்கு 2, இசட்டுக்கு 4, மூன்றுக்கும் 7. தலைகீழானதும் ட்ரைவர் துடிப்பின் பின் விளிம்பில் இயங்கும். துடிப்பின் நீளத்தைச் சொல்லும் $0 என்ற எண் 10 என்றிருந்தால் திசைக்கு 10 மைக்ரோ செக்கன் கிடைத்துவிடும். சில போர்ட்களில் வயரைக் கூட்டு முனையில் கொடுத்திருக்கிறோமா கழித்தல் முனையிலா என்பதைப் பொறுத்து இந்த எண் ஏற்கனவே பிழையாக இருப்பதும் உண்டு. ஆகவே இருப்பது 7 என்றால் 0 போட்டும் பாருங்கள். மாற்றிய பிறகு அதே ஃபைலை ஓட்டி உறுதிசெய்யுங்கள்.

3018உடன் வரும் ஒற்றைப் போர்டில் ட்ரைவர் அதன் மேலேயே இருப்பதால் இந்தச் சிக்கல் அரிது. வெளி ட்ரைவர் போட்டுப் பெரிய மெஷின் கட்டியவர்களுக்கே இந்தப் படி.

படி 7: இரைச்சலும் எர்த்தும்

காரணமில்லாமல் வேலை நடுவில் நிற்கிறது, லிமிட் அலாரம் (அச்சின் எல்லைச் சுவிட்ச் தரும் எச்சரிக்கை) அடிக்கிறது, யூஎஸ்பி விடுபடுகிறது என்றால் மின் இரைச்சல். முதற் சோதனையாக லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் அதே வேலையை ஓட்டுங்கள். பிரச்சினை போனால் எர்த் வளையம் (இரண்டு வழியாக எர்த் ஆகி இரைச்சல் ஓடும் சுற்று) இருக்கிறது.

வறண்ட காலத்தில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம், தற்காலிகமாக உதவும். நிரந்தரத்துக்கு இன்னொரு கம்பி ஆழமாக அடித்து, மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு இணையுங்கள். மெஷினின் சட்டம், ஸ்பின்டில் உடம்பு, சப்ளை எல்லாம் ஒரே புள்ளியில் எர்த் ஆக வேண்டும்.

தூசி உறிஞ்சும் பிளாஸ்ரிக் குழாயில் சோளகக் காலத்தில் நிலைமின் சேரும், தொட்டால் சுரீர் என்று அடிக்கும். அந்த அடி லிமிட் வயரில் விழுந்தால் மெஷின் நிற்கும். குழாய் நெடுக ஒரு வெறும் செம்பு வயரைச் சுற்றி எர்த்தில் கொடுங்கள். லிமிட் சுவிட்சுகளை வழமையாக மூடியிருக்கும் முனையில் இணைத்து, $5ஐ அதற்கேற்ப மாற்றினால் வயர் அறுந்தாலும் உடனே தெரியவரும்.

படி 8: இப்போதுதான் $100

திருகு மெஷினுக்கு இந்த எண்ணை அளந்து எடுக்காதீர்கள், கணக்குப் போட்டு எடுங்கள். 1.8 பாகை மோட்டருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், 1/16இல் 3200. ஒரு சுற்றில் நட்டு 4 மிமீ போனால் 800, 8 மிமீ போனால் 400, 2 மிமீ போனால் 1600. டி8 திருகு இந்த மூன்று வகையிலும் வரும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிழையான எண் என்றால் அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ வரும். 800 இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் அளவீடு 803 சொன்னால் அளவீட்டையே சந்தேகியுங்கள்.

பெல்ட் மெஷினுக்கு அளப்பதில் நியாயம் உண்டு, பெல்ட் இழுபடும். ஒரே திசையிலிருந்து வந்து நின்று, முடிந்தளவு நீளத்துக்கு அளந்து, பழைய எண்ணைச் சொன்ன தூரத்தால் பெருக்கி, போன தூரத்தால் பிரியுங்கள்.

படி 9: மரமும் பிட்டும்

ஆழம் மட்டும் கூடிக்கொண்டே போனால் இசட் மோட்டரைத் திட்டுவதற்கு முன் பிட்டைப் பாருங்கள். மேல்நோக்கித் தூள் தள்ளும் பிட் தன்னைத் தானே கொலற்றிலிருந்து (பிட்டைக் கவ்வும் வளையம்) கீழே இழுக்கும். கொலற் விளிம்போடு ஒட்டிப் பிட்டில் மாக்கர் கோடு போட்டால் தெரியும். ஈஆர்11 கொலற்றை முதலில் நட்டுக்குள் டக் என்று பொருத்திவிட்டுத்தான் ஸ்பின்டிலில் பூட்ட வேண்டும்.

இரண்டு பக்கமும் வெட்டும் வேலையை இடையில் சில நாள் விட்டால் பொருந்தாது. மாரியில் ஈரத்தோடு வந்த பலகை ஒரு முழம் அகலத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேலும் அசையும். அடித்தள எம்டிஎஃப்பும் ஊதும். ஒரு பக்கம் முடிந்த அன்றே மறுபக்கத்தையும் முடியுங்கள்.

படி 10: பூச்சியமும் கரண்ட் போவதும்

லிமிட் சுவிட்ச் இல்லாத மெஷினில், பவர் போட்ட இடமே மெஷின் பூச்சியம். கரண்ட் போய் வந்தால் பழைய பூச்சியம் இல்லை. சுவிட்ச் போட்டு $22=1 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் ஹோமிங் செய்து (சுவிட்சுகளைத் தேடித் தொட்டு) அதே மூலைக்கு வரலாம். வேலைப் பூச்சியத்தை, அதாவது பலகையில் வெட்டு தொடங்கும் புள்ளியை, ஜி54 என்ற கட்டளையின் இடத்தில் வைத்தால் கரண்ட் போனாலும் போர்டின் நினைவில் இருக்கும். ஜி92இல் வைத்தால் போய்விடும். $1ஐ 255 ஆக்குங்கள், அப்போது மோட்டர் நிற்கும்போதும் பிடித்துக்கொண்டிருக்கும். 25 என்று விட்டால் ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் கைவிடும், இசட் தன் பாரத்தில் இறங்கும்.

நடு வேலையில் கரண்ட் போனால், முதலில் எந்த வரி வரை ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகையைக் கவ்வியிலிருந்து எடுக்காதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள், திரும்ப வரும்போது ஸ்பின்டில் தானாக ஓடக் கூடாது. கரண்ட் வந்து சில நிமிடம் நிலையானதும் பிட்டைக் கையால் உயர்த்தி, ஹோமிங் செய்து, ஜி54 பூச்சியத்துக்கு மேலே 5 மிமீயில் நிறுத்திப் பழைய புள்ளியோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒத்துப்போனால், விட்ட வரிக்குச் சில வரி முன்னிருந்து, ஸ்பின்டில் ஓடும் கட்டளையையும் சேர்த்துத் தொடங்குங்கள். ஹோமிங் இல்லாத மெஷினில் இது சரிவராது. அவர்கள் வேலை தொடங்கும் முன்பே பலகையின் ஓரத்தில் ஒரு மிமீ ஆழத்துக்குச் சின்னப் புள்ளி ஒன்று குத்திவைத்து, அதன் எக்ஸ், வை எண்களைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்; கூர்மையான வீ பிட்டை அந்தப் புள்ளிக்குள் இறக்கித்தான் பூச்சியத்தை மீட்கலாம்.